காலித் ஜமீலுக்கு மூன்றாவது வருடம் கொடுத்தவர்கள் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 நவம்பர் 18 அன்று டாக்காவில், ஆசியக் கோப்பை ஃபுட்பால் தகுதிச் சுற்றில், இந்தியா வங்கதேசத்திடம் 0-1 என்று தோற்றது. மறுநாள் உங்கள் விளையாட்டுப் பக்கத்தில், கிரிக்கெட்டுக்குக் கீழே, எட்டு வரி வந்தது. அதுகூடப் பரவாயில்லை, வந்ததே என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அடுத்த சில நாளில் இதே கடிதப் பகுதியில் ஒரு வாசகர், 'இந்தியரைப் பயிற்சியாளராகப் போட்டுப் பார்த்தாயிற்று, போதும், இனி வெளிநாட்டுக்காரரையே கொண்டு வாருங்கள்' என்று எழுதியிருந்தார். அவருக்கு ஃபுட்பால் மேல் அக்கறை இருக்கிறது, அதனால்தான் கோபப்படுகிறார், அது எனக்குப் புரிகிறது. அந்தத் தோல்வி எனக்கும் தூக்கத்தைக் கெடுத்ததுதான். 22 வருடம் கழித்து வங்கதேசம் நம்மை ஜெயித்திருக்கிறது. ஆனாலும் நம் அணியின் பயிற்சியாளர் காலித் ஜமீல் யார், எங்கிருந்து வந்தார், அவர் கையில் என்ன கொடுக்கப்பட்டது என்று ஒரு வரிகூடச் சொல்லாமல் 'போதும்' என்று எழுதிவிட்டால் அது நியாயமில்லை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், இடம் இருந்தால் போடுங்கள்.

காலித் 1977இல் குவைத்தில் பிறந்தவர். வளைகுடாப் போர் சமயத்தில் குடும்பம் மும்பைக்கு வந்தது. மஹிந்திரா யுனைடெட், ஏர் இந்தியா, மறுபடி மஹிந்திரா என்று நடுக்களத்தில் ஆடினார், இந்தியாவுக்கும் ஆடினார். மஹிந்திரா 2005-06 தேசிய லீக்கை வென்றபோது அந்த அணியில் இருந்தவர். பிறகு மும்பை எஃப்.சி.யில் சேர்ந்தார், அங்கே காயம் அவரை ஆடவே விடவில்லை. 2009இல், 32 வயதில், அதே கிளப்புக்குப் பயிற்சியாளர் ஆனார். கூட ஆடியவர்கள் இன்னும் ஷூ கட்டிக்கொண்டிருக்கும் வயதில் இவர் கோட்டுக்கு வெளியே நிற்க வேண்டியதாகிவிட்டது. முழங்கால் போனதால் ஆட்டத்தை விட்டவன் நான், சென்னை லீக்கில் கீழ் டிவிஷனில் ஆடிய சாதாரண ஆள்தான், ஆனாலும் அந்த முதல் சில மாதங்கள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பந்து நம் பக்கம் வரும்போது கால் தானாக நீளும்.

மும்பை எஃப்.சி. பணக்கார கிளப் இல்லை. கோவா கிளப்களும் கொல்கத்தா கிளப்களும் பார்த்து ஒதுக்கிய ஆட்டக்காரர்களை வைத்துத்தான் அவர் அணி கட்டினார். ஏழு சீசன். ஒரு கோப்பையும் இல்லை, ஆனால் அந்த ஏழு சீசனில் ஒருமுறைகூட அணி கீழ் டிவிஷனுக்கு இறங்கவில்லை. ஆட்டம் அழகாக இல்லை, டிஃபென்ஸ் மட்டும் ஆடுகிறார் என்று அப்போதே பேச்சு இருந்தது. 2016இல் அவரை அனுப்பிவிட்டார்கள். அவர் போன அடுத்த சீசனிலேயே மும்பை எஃப்.சி., அப்போது நாட்டின் முதல்நிலை லீக்காக இருந்த ஐ-லீக்கில் கடைசி இடத்துக்குப் போய் கீழே இறங்கிவிட்டது.

அதே சீசனில் காலித் எங்கே இருந்தார்? மிசோரத்தின் ஐஸ்வாலில். இந்தக் கதையை நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு யாராவது சொல்ல வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. ஐஸ்வால் எஃப்.சி. அதற்கு முந்தைய சீசனில் கீழே இறங்கிய அணி. கோவா கிளப்கள் லீக்கை விட்டு விலகியதால், ஆள் குறைகிறது என்று மறுபடி உள்ளே சேர்க்கப்பட்டது. உள்ளூர் மிசோ பையன்கள், மும்பையில் தன்னிடம் ஆடிய அசுதோஷ் மேத்தா, ஜெயேஷ் ரானே, சிரியாவிலிருந்து வந்த மஹ்மூத் அல் அம்னா, லைபீரியாவின் ஆல்பிரட் ஜார்யன் என்று ஒரு கலவை. அந்த அணி லீக்கை வெல்லும் என்று பந்தயம் கட்டக்கூட ஆள் இருந்திருக்காது.

2017 ஏப்ரல் 22 அன்று ஐஸ்வாலில் கொல்கத்தாவின் மோகன் பகானை 1-0 என்று ஜெயித்தார்கள். ஆட்டம் முடிய சில நிமிடம் இருக்கும்போது ஸோமிங்லியானா ரால்டே தலையால் முட்டிய கோல். அப்புறம் ஏப்ரல் 30, கடைசி ஆட்டம் ஷில்லாங்கில், லஜோங் அணியுடன். ட்ரா செய்தாலே போதும். ஆரம்பத்திலேயே டிபாண்டா டிக்கா கோல் போட்டு லஜோங்கை முன்னால் கொண்டு போய்விட்டார். அதே நேரத்தில் கொல்கத்தாவில் மோகன் பகான் ஆடிக்கொண்டிருந்தது யாருடன் தெரியுமா, நம் சென்னை சிட்டி அணியுடன். அன்று ஞாயிற்றுக்கிழமை. எங்கள் தெருமுனை டீக்கடையில் டிவியைக் கெஞ்சிக் கூத்தாடி மாற்றச் சொல்லி, நானும் என்னிடம் ஆடிய நாலு பையன்களும் நின்றுகொண்டே பார்த்தோம். சென்னை அணி ஜெயிக்க வேண்டும் என்று பையன்களுக்கு ஆசை, எனக்கோ ஷில்லாங்கில் ஐஸ்வால் ஒரு கோல் போட வேண்டும் என்று தவிப்பு. இரண்டாம் பாதியில் வில்லியம் லால்னுன்ஃபெலா அந்தக் கோலைப் போட்டார். 1-1. மோகன் பகான் சென்னை சிட்டியை 2-1 என்று வென்றும் பலன் இல்லை. ஐஸ்வாலுக்கு 37 புள்ளி, மோகன் பகானுக்கு 36. வடகிழக்கிலிருந்து ஒரு அணி நாட்டின் முதல்நிலை லீக்கை வென்றது அதுதான் முதல் தடவை. டீக்கடைக்காரர், 'யாருப்பா இவங்க, எந்த ஊரு?' என்று கேட்டார். மிசோரம் என்றதும் அடுத்த டீக்குக் காசு வேண்டாம் என்றார்.

சரி, அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று பாருங்கள். கோப்பை வென்ற அணியை அப்படியே வைத்திருக்க முடியவில்லை, ஆட்டக்காரர்கள் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கிளப்களுக்கும் கொல்கத்தாவுக்கும் சிதறினார்கள். காலித் ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார். ஒரு சீசன். அங்கே அவர் தலைக்கு மேல் இன்னொருவரை டெக்னிக்கல் டைரக்டராக உட்கார வைத்தார்கள். நாலாவது இடம், அவ்வளவுதான், வெளியே. 2019 ஜனவரியில் மோகன் பகான், பாதி சீசன். பிறகு நார்த் ஈஸ்ட் யுனைடெட். 2021 ஜனவரியில் ஸ்பெயின் நாட்டுப் பயிற்சியாளரை நடுவில் அனுப்பிவிட்டு, 'இடைக்காலம்' என்று இவரை நிறுத்தினார்கள். லீக் முடியும்வரை அணி ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. ஐ.எஸ்.எல். பிளே-ஆஃப் வரைக்கும் அணியைக் கொண்டுபோன முதல் இந்தியர் அவர். அதற்கப்புறம்தான் முழுநேரப் பதவி கொடுத்தார்கள். ஐ.எஸ்.எல். தொடங்கி ஏழு வருடம் கழித்து, ஒரு இந்தியருக்கு முதல் முழுநேரத் தலைமைப் பயிற்சியாளர் பதவி.

அடுத்த சீசன் சரியாகப் போகவில்லை, பத்தாவது இடம். அதை நான் மறைக்கவில்லை. நடுவழியில் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்வதில் அவர் கெட்டிக்காரர், ஆனால் முழுச் சீசனும் முதல் நாளிலிருந்து தன் அணியாக இருந்தால் அதே வேகம் வருமா என்ற கேள்வி அப்போது எனக்கே வந்தது. அதற்குப் பதில் ஜாம்ஷெட்பூரில் கிடைத்தது. 2023 டிசம்பரில், அணி தடுமாறிக்கொண்டிருந்தபோது போனார். அந்த வருடம் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. அடுத்த வருடம், 2024-25, லீக்கில் ஐந்தாவது இடம், அரையிறுதி. முதல் ஆட்டத்தில் மோகன் பகானை 2-1 என்று வென்று, கொல்கத்தாவில் கடைசி நிமிடங்களில் மோகன் பகானின் அபுயா அடித்த கோலில் வெளியே போனார்கள். சூப்பர் கோப்பை இறுதியாட்டத்தில் கோவாவிடம் தோல்வி. மற்ற கிளப்களின் சம்பளப் பட்டியலோடு ஒப்பிட்டால் இதெல்லாம் சின்ன விஷயம் இல்லை. அகில இந்திய ஃபுட்பால் கூட்டமைப்பே அவருக்கு அடுத்தடுத்து இரண்டு வருடம் சிறந்த பயிற்சியாளர் விருது கொடுத்தது.

இதில் நீங்கள் ஒன்றைக் கவனித்தீர்களா? மும்பையை விட்ட பிறகு அவருக்கு எந்த கிளப்பிலும் தலைமைப் பயிற்சியாளராக மூன்றாவது முழு சீசன் கிடைக்கவில்லை. ஒரு வருடம், அரை வருடம், ஒன்றரை வருடம். ஏழு வருடம் பொறுத்த ஒரே கிளப், அவர் இருந்தவரை விழவில்லை.

எனக்கு இது வெறும் புள்ளிவிவரம் இல்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் நாலு வருடம் ஃபுட்பால் சொல்லிக்கொடுத்தேன், பெயர் வேண்டாம். மூன்று வருடம் மண்டலப் போட்டியில் அரையிறுதி. நாலாவது வருடம் முதல் ஆட்டத்திலேயே பெனால்டியில் தோற்றோம். திங்கட்கிழமை வழக்கம்போல ஐந்தரை மணிக்குப் போனேன். என் கோன், விசில், எட்டு பந்து, கிழிந்த வலை எல்லாம் ஒரு சாக்குப் பையில் கட்டி வாட்ச்மேன் அறைக்கு வெளியே வைத்திருந்தார்கள். வாட்ச்மேன்தான் பாவம், என் முகத்தைப் பார்க்க முடியாமல், 'சார், எடுத்துட்டுப் போகச் சொன்னாங்க' என்றார். அந்தத் தோல்விக்கு என்ன காரணம் என்று என்னிடம் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், என் இரண்டு ஸ்டாப்பர்களுக்கும், அதாவது நடு டிஃபென்ஸில் ஆடும் பையன்களுக்கு, அந்த வாரம் பரீட்சை என்று விடவில்லை. காலித் பற்றி 'போதும்' என்று படித்தபோது அந்தச் சாக்குப் பைதான் ஞாபகம் வந்தது.

இந்திய அணிக்கு வருவோம். 2025 ஆகஸ்ட் 1 அன்று காலித்தை நியமித்தார்கள். 170 விண்ணப்பம் வந்ததாம். அந்த வாரம் நம் தொலைக்காட்சிகளும் இணையமும் ஸ்பெயின் ஜாம்பவான் ஜாவி விண்ணப்பித்தார் என்பதைப் பற்றித்தான் பேசின, கடைசியில் அது போலி மின்னஞ்சல் என்று கூட்டமைப்பே சொன்னது. அதற்குக் கிடைத்த இடத்தில் பாதிகூட காலித்துக்குக் கிடைக்கவில்லை. 2012இல் சாவியோ மெடெய்ரா போன பிறகு 13 வருடம் கழித்து ஒரு இந்தியர் முழுநேரப் பொறுப்புக்கு வருகிறார், அது செய்தி இல்லையா?

அவர் வந்தபோது வீடு எப்படி இருந்தது? முந்தைய பயிற்சியாளர் மனோலோ மார்க்கெஸ் கோவா கிளப்பையும் சேர்த்தே பார்த்துக்கொண்டார், இந்தியாவுக்கு 8 ஆட்டம், ஒரே ஒரு வெற்றி, அதுவும் மாலத்தீவுடன். ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் வங்கதேசத்துடன் சொந்த மண்ணில் 0-0, ஹாங்காங்கிடம் 0-1. இரண்டு ஆட்டத்தில் ஒரு புள்ளி. அந்த நிலையில்தான் காலித் கையில் வீட்டுச் சாவியைக் கொடுத்தார்கள். ஐ.எஸ்.எல். எப்போது தொடங்கும் என்றே தெரியவில்லை, சில கிளப்கள் பயிற்சியையே நிறுத்தி வைத்திருந்தன. பெங்களூரில் கேம்ப் போட்டால், டூரண்ட் கோப்பை ஆடிக்கொண்டிருந்த கிளப்களின் ஆட்டக்காரர்கள் முதலில் வரவில்லை. மோகன் பகான் கடைசிவரை ஆட்டக்காரர்களை விடவே இல்லை. லீக் ஆடாத, ஆட்டப் பழக்கமே விட்டுப்போன கால்களை இரண்டு வாரத்தில் எந்தப் பயிற்சியாளர் தயார் செய்வார்? ஞாயிற்றுக்கிழமை மட்டும் வரும் பையனை வைத்து நான் படும் பாடே போதும்.

மத்திய ஆசிய நாடுகளின் நேஷன்ஸ் கோப்பைக்கு அப்படிப் போன அணிதான் தஜிகிஸ்தானில், தஜிகிஸ்தானையே 2-1 என்று வென்றது. முதல் கால் மணி நேரத்துக்குள் அன்வர் அலியும் ஜிங்கனும் கோல், பின்னால் கோல்கீப்பர் குர்பிரீத் ஒரு பெனால்டியைத் தடுத்தார். ஈரானிடம் 0-3 தோல்வி, ஆப்கானிஸ்தானுடன் ட்ரா. மூன்றாவது இடத்துக்கான ஆட்டத்தில் ஓமன். நம்மைவிட ஐம்பது இடத்துக்கு மேல் முன்னால் இருந்த அணி, அதற்கு முன்னால் நாம் அவர்களை ஜெயித்ததே இல்லை. உதாந்தா சிங் கோலில் 1-1, பெனால்டியில் 3-2. அந்தக் கடைசிப் பெனால்டியை குர்பிரீத் தட்டியபோது என் வீட்டில் நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு அக்கா என்னமோ ஏதோ என்று வந்து கதவைத் தட்டினார்.

அதன் பிறகு ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் சிங்கப்பூர். அங்கே போய் ஆடியதில் ஜிங்கன் ரெட் கார்டு வாங்கி வெளியே போன பிறகும், பத்துப் பேராக நின்று, கடைசி நிமிடத்தில் ரஹீம் அலி கோலில் 1-1. நாலைந்து நாள் கழித்து, அக்டோபர் 14, கோவாவில் மறு ஆட்டம். சாங்டே அருமையாக ஒரு கோல் போட்டார். இடைவேளைக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது சோங் உய்-யங் சமன் செய்தார், இரண்டாம் பாதியில் அவரே இன்னொன்று. 1-2. ஆசியக் கோப்பை போயிற்று. இந்த ஆட்டத்தில் காலித் மேல் எனக்குக் குறை உண்டு. முன்னிலையில் இருக்கும்போது இடைவேளை வரை பந்தை நாம் வைத்திருக்க வேண்டும், அதை விட்டுவிட்டுப் பின்னால் பின்னால் போனோம். அது ஆட்டக்காரர் தவறு மட்டும் இல்லை, பயிற்சியாளர் சொல்லித்தர வேண்டிய விஷயம். டாக்காவிலும் ஆரம்பத்தில் வாங்கிய கோலைத் திருப்பிக் கொடுக்க முழுதாக எண்பது நிமிடத்துக்கு மேல் இருந்தது, முடியவில்லை. இதையெல்லாம் கேளுங்கள், கடுமையாகவே கேளுங்கள். ஆனால் நாலு மாதம்கூட ஆகாத மனிதரை வீட்டுக்கு அனுப்பச் சொல்வது வேறு.

ஏனென்றால் வெளிநாட்டுக்காரருக்கு நாம் எவ்வளவு பொறுத்தோம் என்பது கையோடு இருக்கிறது. பாப் ஹூட்டனுக்கு 2006இலிருந்து ஐந்து வருடம். இகோர் ஸ்டிமாக்குக்கு 2019இலிருந்து ஐந்து வருடம். ஸ்டீபன் கான்ஸ்டன்டைன் 2015இல் இரண்டாவது முறை வந்தபோது, அந்த ஜூனில் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் இந்தியா குவாம் என்ற குட்டித் தீவிடம் 1-2 என்று தோற்றது. அந்த வருடம் தரவரிசை 173 வரை இறங்கியது. அப்போது அவரை அனுப்பியிருந்தால்? அனுப்பவில்லை, விட்டோம். இரண்டு வருடத்தில் 96ஆவது இடம், 2019 ஆசியக் கோப்பைக்கும் போனோம். நல்லது, அதில் எனக்கு மகிழ்ச்சிதான், கான்ஸ்டன்டைன் உழைத்தவர். அதே பொறுமை அர்மாண்டோ கொலாசோவுக்கு 2011இல் சில மாதம்தான் கிடைத்தது. சாவியோ மெடெய்ரா 2011 டிசம்பரில் தெற்காசியக் கோப்பையை வென்று கொடுத்தார், இறுதியாட்டத்தில் ஆப்கானிஸ்தானை 4-0. அடுத்த மார்ச்சில் காத்மாண்டுவில் மூன்று ஆட்டம் தோற்றதும், அந்த வருடமே நெதர்லாந்துக்காரர் வந்துவிட்டார். குவாமிடம் தோற்ற வெளிநாட்டவருக்கு நாலு வருடம், கோப்பை வென்ற கோவாக்காரர் சாவியோவுக்கு ஒரு வருடம்கூட இல்லை.

நம் ஆட்கள் பயிற்சியாளர் ஆனால் சரிப்படாது என்று ஒரு பேச்சு இருக்கிறது, அது எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரியவில்லை. 1951லும் 1962லும் ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிக் கொடுத்த ரஹீம் சாகிப் ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். நம் தமிழ்நாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள், 1960 ரோம் ஒலிம்பிக் அணியில் ஆடிய சைமன் சுந்தரராஜ், பிறகு பயிற்சியாளராகி, 1973இல் கேரளா முதன்முதலில் மாநிலங்களுக்கு இடையேயான சந்தோஷ் கோப்பையை வென்றபோது அந்த அணியை நடத்தியவர். கேரளாவில் வயதானவர்களிடம் அந்தப் பெயரைச் சொன்னால் எழுந்து நிற்பார்கள். எங்கள் வியாசர்பாடி மைதானத்தில் ஞாயிறு காலை வரும் நாற்பது பையன்களில் ஒருவனுக்கும் அந்தப் பெயர் தெரியாது. அவர்களைக் குறை சொல்லி என்ன, எந்தப் பேப்பரில் படித்திருப்பார்கள்?

காலித் அதிகம் பேசமாட்டார். பத்திரிகையாளர் சந்திப்பில் ஒரு வரி, இரண்டு வரி, 'ஆட்டக்காரர்கள் உழைத்தார்கள்' என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார். தோற்றால் சாக்குச் சொல்லிக் கேட்டதில்லை. லீக் இல்லை, ஆள் தரவில்லை என்று அவர் சொல்லியிருந்தால் நான் இவ்வளவு எழுத வேண்டியிருந்திருக்காது. டச்லைனில் நிற்கும்போது மட்டும் ஒரு இடத்தில் நிற்கமாட்டார், அந்த வெள்ளைக் கோடு அழியும் அளவுக்கு நடப்பார். பயிற்சியாளருக்கான டி லைசென்ஸ் வகுப்பில் எங்களுக்கு, ஆட்டத்தின்போது அமைதியாக நில்லுங்கள், பையன்கள் உங்களைப் பார்ப்பார்கள் என்று சொல்லிக்கொடுத்தார்கள். காலித்திடம் அதற்கு மேலே சி, பி, ஏ எல்லாம் தாண்டி ப்ரோ லைசென்ஸே இருக்கிறது, இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறார். எனக்கு அது பிடித்திருக்கிறது.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். 2026 மார்ச்சில் ஹாங்காங்குடன் தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டம் நம் நாட்டில் நடக்க வேண்டும். கோப்பைக்குப் போக முடியாது, ஆனாலும் அது காலித்தின் அணி எப்படி மாறியிருக்கிறது என்று பார்க்க வேண்டிய ஆட்டம். அதற்கு முன்பாக ஒரு அரைப் பக்கம், அவரைப் பற்றி, ஐஸ்வாலைப் பற்றி, முடிந்தால் சைமன் சுந்தரராஜைப் பற்றியும் எழுதுங்கள். படம் எதுவும் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை இதழில் வந்தால் எனக்கு வசதி, பயிற்சி முடிந்ததும் பையன்களை உட்கார வைத்துச் சத்தமாகப் படித்துக் காட்டுவேன்.

இப்படிக்கு,
ஒரு ஃபுட்பால் வாசகன்,
வியாசர்பாடி, சென்னை